ஜீன் சித்தரின் கிண்ணம்

நீலசந்திரா பேட்டையில் அன்று குழாயில் தண்ணீர் வந்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை. ஜீன் சித்தர் வந்திருந்தார்! 'கேன்சர் ஜீன் வேரோடு எடுக்கப்படும். ஞாயிறு விடுமுறை' என்றது பேனர். கேன்சருக்கும் ஞாயிறு லீவு போலிருக்கிறது.

"லைன்ல பன்னி, லைன்ல பன்னி!" என்று வரிசையில் வரச் சொல்லிக் கன்னடத்தில் கத்தினார் சீடர். கணவனின் அக்கா ஜெயலட்சுமியின் முதுகைப் பிடித்துக்கொண்டு உஷா நகர்ந்தாள்.

உஷாவின் கர்ப்பப்பை வாயில் சில செல்கள் மாறத் தொடங்கியிருப்பதாகப் பரிசோதனை சொல்லியிருந்தது. வெள்ளிக்கிழமை அவற்றை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர் ருக்மிணி.

"இது இன்னும் கேன்சர் இல்லம்மா. விட்டா ஆகலாம். செல்லுக்குள்ள 'வளரு'ன்னு சொல்ற ஜீனும் இருக்கு, 'போதும், நிறுத்து'ன்னு சொல்ற ஜீனும் இருக்கு. இதுக்குக் காரணம் ஒரு வைரஸ். நிறைய பேருக்கு அது தானா போயிடும். உங்களுக்குத் தங்கிடுச்சு. தங்கி, 'நிறுத்து'ன்னு சொல்ற வாயைப் பொத்துது."

உஷாவுக்கு எல்லாம் புரிந்தது. புரிந்ததுதான் பயம். புரியாத எதையாவது யாராவது சொன்னால் தேவலை என்றிருந்தது. அதற்குத்தானே சித்தர்!

வெற்றிலை குதப்பியபடி அவர் அவள் விரல் நுனியைக் கட்டைவிரலால் அழுத்தினார். கண்ணாடிக் கிண்ணத்து மஞ்சள் தீர்த்தத்தில் முக்கினார். தீர்த்தம் ரத்தமாய்ச் சிவந்தது.

"ஐயோ!" என்றது கூட்டம்.

"பாத்தியாம்மா? ஆஸ்பத்திரிப் பக்கம் போகாதே. கத்தி பட்டா பரவிடும். ஒரு மண்டலம் இங்க வா."

விரலில் ஏதோ வழவழத்தது. இந்தச் சிவப்பை எங்கோ பார்த்திருக்கிறோமே? மூளை சட்டென்று பதில் சொன்னது. பயம், "சும்மா இரு" என்று அதட்டியது. ஒரு நிமிஷம் இரண்டுக்கும் சண்டை. பிறகு உஷா பாட்டில் தண்ணீரில் விரலைத் தேய்த்துக் கழுவினாள்.

"சாமி, இன்னொரு கிண்ணம் குடுங்க. நீங்க தொடாம நானே முக்கறேன்."

"தெய்வ குத்தம்!"

"குடுங்க சாமி, பாப்போம்!" என்று பின்னாலிருந்து குரல்கள் எழுந்தன. கிண்ணம் வந்தது. முக்கினாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. சட்டென்று சித்தரின் கட்டைவிரலைப் பிடித்து அதே கிண்ணத்தில் அமுக்கினாள்.

செக்கச்செவேல்!

"ஐயையோ, சாமி! உங்க ஜீனை யாரு எடுப்பா?" என்றாள் உஷா.

"அடியே உஷா!" ஜெயலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். "மஞ்சளும் சுண்ணாம்பும்! போன வாரம் நானே கரைச்ச ஆரத்தி ஆச்சே இது!"

கூட்டம் சிரித்த சிரிப்பில் சித்தருக்குத் தியான நேரம் வந்துவிட்டது. பேனரைக்கூட எடுக்காமல் ஆட்டோ ஏறினார்.

"அண்ணி, வெள்ளிக்கிழமை கூட வரீங்களா?"

"வராம? எனக்கும் அந்த டெஸ்ட் எடுக்கச் சொல்லு."

ஊரே "நம்பு, நம்பு" என்று கத்தும்போது, "நிறுத்து" என்று சொல்ல ஒரு வாய் நம் தலைக்குள்ளும் இருக்கிறது. வைரஸ் பொத்தினால் டாக்டர் பார்த்துக்கொள்வார். நாமே பொத்திக்கொண்டால்?