தூசி தட்டிய மேகம்

சந்தோஷம் வந்தால் உடனே இனிப்பு வாங்கிவிடுவேன். அது நியாயமான சந்தோஷம்தானா என்று அப்புறம்தான் பார்ப்பேன். இந்தப் புத்தியால் ஆரணியில் எங்கள் தெருவே ஒருமுறை ஜாங்கிரி தின்றது.

அப்போது நான் ஆராய்ச்சி மாணவி. நட்சத்திரங்களுக்கு நடுவே மிதக்கும் மேகங்களில் நீராவி எவ்வளவு இருக்கும் என்று கணினியில் மாதிரி போட்டுப் பார்ப்பது என் வேலை. விண்வெளித் தொலைநோக்கி அளந்ததோடு என் விடை ஒத்துப்போனால், அடுத்த ஆய்வுக் குழுவில் என்னையும் சேர்ப்பதாக வழிகாட்டி மேடம் சொல்லியிருந்தார். விடுமுறைக்கு வந்தவள், அப்பாவின் தறிக்குப் பக்கத்திலேயே மடிக்கணினியோடு உட்கார்ந்தேன்.

மாதிரியில் வாயு, வெப்பம், ஒளி, தூசி என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு கொடுக்க வேண்டும். தூசி என்றதும் எனக்குக் கை பரபரத்தது. பட்டு நெய்கிற வீட்டில் பிறந்தவள் நான். தறியில் விரித்த பாவு நூலின் மேல் ஒரு பொட்டுத் தூசி உட்கார்ந்தால் அப்பா வீட்டையே இரண்டாக்கிவிடுவார். தட்டு, துடை, துணி போட்டு மூடு என்று கேட்டே வளர்ந்தேன். தூசிக்கு நேரே பூஜ்ஜியம் போட்டேன். (மேகத்தையே துடைத்து வைத்த மகராசி!) மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது.

விடை வந்தது. அளந்ததைப் போல ஆயிரம் மடங்கு நீராவி! எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அப்பா, அந்தத் தொலைநோக்கியே தப்புப்பா! நான் கண்டுபிடிச்சுட்டேன்!"

"அப்புறம் இன்னா பாத்துகினு இருக்கிற? ஜல்தியா மேடத்துக்குச் சொல்லு!"

சொல்வதற்கு முன் ஜாங்கிரி வாங்கி, தொலைநோக்கி தப்பு என்று வீடு வீடாகச் சொல்லிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை வீடியோ அழைப்பு. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். மேடம் என் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"ஏம்மா, தூசியெல்லாம் எங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "தூசியாங்க? எங்க வூட்ல தேடினாலும் கெடைக்காதுங்க. பொண்ண அப்படி வளர்த்துகினு வந்திருக்கோம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். "அந்தக் குளிர்ல நீராவி தூசி மேலதானே ஒட்டிப் பனியாகும்? தூசியே இல்லன்னா எங்க போய் ஒட்டும்? எல்லாம் ஆவியாவே நிக்குது." (இதை ஜூனியர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.) "சாயங்காலத்துக்குள்ள தூசியோட ஓட்டி அனுப்பு. இல்லன்னா குழுவுல நீ இல்ல."

தூசியைப் போட்டேன். இந்த முறை மாதிரி நத்தையாக நகர்ந்தது. அப்பா தறியை விட்டுவிட்டு என் முதுகுக்குப் பின்னால் நின்றார். மாலை நான்கு மணிக்கு வரைபடத்தில் நீராவிக் கோடு இறங்கியது. இறங்கி இறங்கி, தொலைநோக்கி அளந்து வைத்த புள்ளியிலேயே போய் உட்கார்ந்தது. நான் குதித்த குதியில் மடிக்கணினி சரிய, அப்பாதான் பிடித்தார். எத்தனையோ கோடி கோடி மைலுக்கு அப்பால் இருக்கிற மேகம், எங்கள் வீட்டுக்குள் வந்து என் கணக்குக்குத் தலையாட்டியது! குழுவில் எனக்கும் இடம் கிடைத்தது.

தெருக்காரர்கள் இன்றும், "தொலைநோக்கிய ரிப்பேர் பண்ணிட்டாங்களாம்மா?" என்று விசாரிக்கிறார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஒரு பொட்டுத் தூசி பொறுக்காத என் அப்பா இருக்கிறாரே, நான் துடைக்கிற துணியை எடுத்தாலே போதும், தறியில் இருந்தபடி குரல் கொடுப்பார்:

"கொஞ்சம் உட்டு வைம்மா, தண்ணி குந்த எடம் வேணும்!"