முழுப்பாட்டு அண்ணனும் என் பத்து நிமிடமும்

பேராக் மாநிலம் முழுக்கச் சலித்தாலும், ஒரு கணினியை இத்தனை மெதுவாக ஓட வைத்த மனிதர் இன்னொருவர் கிடைக்கமாட்டார். கணினியில் கோளாறு இல்லை. நானே தூசி தட்டி, புது வட்டு மாற்றி, சோதித்துக் கொடுத்த கணினி அது. என் தொழிலே அதுதான். கோளாறு அதற்கு முன்னால், பனியனும் கைலியுமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

குனோங் ராபாட்டில் எங்களுக்குப் பக்கத்து வீடு. தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறவர். அப்பாவும் அவரை அண்ணே என்பார், நானும் அண்ணே என்பேன். தெருவே அப்படித்தான் கூப்பிடுவதால் உறவுமுறையை யாரும் ஆராய்வதில்லை. முழுப்பாட்டு என்ற பட்டம் பேருந்தில் கிடைத்தது. தொழிற்சாலை வாசலில் வண்டி நின்ற பிறகும், ஓடுகிற பாட்டு முடியாமல் கதவைத் திறக்கமாட்டார்.

“அண்ணே, ஷிப்ட்டுக்கு லேட்டாச்சு!” என்று உள்ளே பெண்கள் கத்துவார்கள்.

“இன்னும் ஒரு சரணம்தான் பாக்கி, இருங்கலா,” என்பார் இவர்.

பாட்டை நடுவில் நிறுத்துவது அவருக்கு, சாப்பிடுகிறவனை இலையிலிருந்து எழுப்பிவிடுவது மாதிரி. இந்தக் கொள்கை பேருந்தோடு நின்றிருந்தால் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. அவர் மகள் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகும்போது தன் கணினியை வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். அண்ணன் ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கினார். பிறகு ஒரு ஸ்கேனர். கோயில் திருவிழா, காதுகுத்து, பழைய தோட்டத்து ஆட்கள் அலமாரியில் வைத்திருந்த பழுப்பேறிய படங்கள் என எல்லாம் உள்ளே போயின.

அதோடு விட்டாரா? ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பாட்டு வேண்டும் என்றார். மாலையில் ஒரு படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் பாட்டு கிடைக்கும்வரை ஒவ்வொன்றாகக் கேட்பார். கிடைத்ததும், “ஜோடி சேந்தாச்சு!” என்று தெருவுக்கே கேட்கும்படி அறிவிப்பார். அதற்கப்புறம் அந்தப் பாட்டு இல்லாமல் அந்தப் படத்தைக் காட்டமாட்டார். பாட்டு முடியாமல் அடுத்த படத்துக்கும் போகமாட்டார். திருவிழாப் படம் பார்க்கப் போனவர்களின் கதி என்ன? தேர் கோயிலைவிட்டுக் கிளம்புவதற்குள் பார்வையாளர்கள் கிளம்பிவிட்டார்கள்.

என் அக்காவுக்குக் கல்யாணம் முடிவானது. அழைப்பிதழுக்கு அவளுடைய நல்ல படம் ஒன்று அண்ணனிடம் இருந்தது. பென் டிரைவோடு போனேன்.

“உக்காரு பாப்பா.”

“வேல இருக்கு அண்ணே. காப்பி பண்ணிக் குடுத்தா போதும்.”

“பாட்டக் கேக்காம படத்த மட்டும் எடுத்துட்டுப் போவியா? பொண்ண அனுப்பிட்டு மாப்பிள்ளைய வீட்லயே வெச்சிக்கிற மாதிரிலா அது.”

அடுப்படியிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “கேட்டுட்டே போயிரு பாப்பா. நா கழுத்த நீட்டுன நாள்லேருந்து கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

கேட்டேன். நீண்ட வயலின் இசையோடு மெதுவாக முடியும் பாட்டு. அந்தக் கடைசி வயலினும் ஓய்ந்த பிறகுதான் மவுஸைத் தொட்டார்.

அக்காவுடையது காதல் கல்யாணம். சம்பந்தி வீட்டார் செட்டிநாட்டு வழிவந்தவர்கள். ஈப்போவில் தலைமுறை தலைமுறையாக வணிகம். அவர்களுடைய சம்மதம் சுலபத்தில் வரவில்லை. அப்பாவோ ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, பால்மரம் வெட்டி வளர்ந்து, தோட்டம் மூடிய பிறகு டவுனுக்கு வந்து ஏர்கோன் பழுதுபார்க்கும் கடை வைத்தவர். கல்யாண விருந்துக்கென்று வாழ்க்கையில் முதன்முறையாகக் கோட்டுத் தைத்தார். விருந்தில் படக்காட்சி வேண்டும் என்று அக்கா கேட்டதும், என்னைத் தனியே கூப்பிட்டார்.

“நாங்க தோட்டத்துல குடியிருந்த லயத்து வீட்டுப் படம் ஒண்ணுகூட வரக்கூடாது. அவங்க எதுக்க அன்னிக்கு ஒரு ராத்திரியாச்சும் நான் தலைநிமிந்து நிக்கணும்.”

படங்கள் எல்லாம் அண்ணனிடம்தான் இருந்தன. ஆகவே அவருக்கு மூன்று நிபந்தனைகள் வைத்தேன். ஒன்று, பத்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. இரண்டு, பாட்டுகளை வெட்டிச் சேர்க்கவேண்டும். மூன்று, லயம் வரவே கூடாது.

“பாட்ட வெட்டறதா? அது என்ன, கங்கோங் கீரையா?”

“அப்ப படத்தக் குடுங்க, நானே பண்ணிக்கிறேன்.”

“அலாமா, கோவப்படாத. பத்து நிமிசம். லயம் இல்ல. சரியா?”

மூன்று நிபந்தனையில் ஒன்று நழுவிப்போனதை அந்த நொடியில் நான் கவனிக்கவில்லை. முன்கூட்டியே காட்டச் சொன்னதற்கு, “தாலி கட்டறதுக்கு முந்தி விருந்து வைப்பாங்களா?” என்று கேட்டுவிட்டார். விருந்து மண்டபத்தில், ஆட்கள் உட்கார்ந்த பிறகுதான் பென் டிரைவ் கைக்கு வந்தது. கோப்பின் நீளத்தைப் பார்த்தேன். பத்து நிமிடத்துக்குள் இருந்தது. நிம்மதியாக ஓடவிட்டேன்.

பத்து நிமிடத்துக்குள் இரண்டு முழுப்பாட்டு அடங்கும். ஆகவே இரண்டே இரண்டு படம்.

முதல் படம், பள்ளி மேடையில் பரதநாட்டிய உடையில் அக்கா. எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு சிரித்தார்கள். பிறகு தண்ணீர் குடித்தார்கள். படம் அசையவில்லை. “ஹேங் ஆயிருச்சா?” என்று ஒருவர் கேட்க, மண்டபத்து ஊழியர் வந்து புரொஜெக்டரைத் தட்டிப் பார்த்தார். மணமேடையிலிருந்து அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

ஒருவழியாகப் பாட்டு முடிந்து, இரண்டாவது படம் வந்தது. பெரட்டுக்களம். விடியற்காலையில் பெயர் கூப்பிட்டுத் தோட்டத்து ஆட்களை வேலைக்கு அனுப்பும் திடல். வாளிகளோடு ஆணும் பெண்ணுமாக நிற்கிறார்கள். முன்வரிசையில் வெறுங்காலோடு, பால்கறை ஏறிய சட்டையில், பால்வாளி சுமக்கும் காண்டாக்கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு ஓர் இளைஞன். அப்பா.

“நிறுத்து,” என்றார் அப்பா.

ஓடினேன். கணினிக்கு முன்னால் அண்ணன் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார்.

“லயம் வரக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!”

“லயம் எங்க இருக்கு? நல்லாப் பாரு. பெரட்டுக்களம்லா இது.”

“வேற படமே கிடைக்கலியா உங்களுக்கு?”

“வேற எதுலயும் உங்கப்பா சிரிக்கலியே பாப்பா!”

“நிறுத்துங்க அண்ணே!”

“பாட்டு ஓடுதே!”

மூன்று விநாடியில் மாறிப்போயிருந்தால் ஒருவரும் கவனித்திருக்கமாட்டார்கள். இது மாறவில்லை. சாப்பாடும் இன்னும் வரவில்லை. வேறு வழியில்லாமல் மண்டபமே அந்தப் படத்தைப் பார்த்தது. பின்வரிசையில், பாகான் செராயிலிருந்தும் பாரிட் புந்தாரிலிருந்தும் வந்திருந்த பழைய தோட்டத்து ஆட்களின் மேசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

“டேய், ஓரத்துல ஒரு காலு மட்டும் தெரியுதே, அது என் காலுடா!”

“ஒன் காலா? அது எங்க மாமா காலு. ஒன் காலு என்னிக்கு இவ்ளோ நேரா இருந்திச்சு?”

ஒரு பெண் எழுந்து திரைக்கே போய்விட்டார். “பாருங்கடி, இவ கட்டியிருக்கிற தாவணி என்னோடது! கேட்டப்ப இல்லவே இல்லன்னு சாதிச்சா!”

மேசைகள் காலியாகித் திரைக்கு முன்னால் கூட்டம் சேர்ந்தது. அப்போது சம்பந்தி எழுந்தார். நேராக அப்பாவிடம் வந்தார்.

“இதுல நீங்க யாரு?”

அப்பா யாரை வேண்டுமானாலும் காட்டியிருக்கலாம். செருப்புப் போட்டவர்களும் இரண்டு பேர் படத்தில் இருந்தார்கள். கோட்டுப் பொத்தானை ஒருமுறை திருகினார். பிறகு திரையிடம் நடந்துபோய், தன் வெறுங்கால் படத்துக்குப் பக்கத்தில் நின்றார். பெரட்டுக்களத்து வெளிச்சம் புதுக் கோட்டின்மேல் விழுந்தது.

“இதான் நான்.”

“அந்தக் கம்பும் வாளியும் ரொம்பக் கனமா?”

“வெறும் வயித்துல ரெண்டு மடங்கு.”

சம்பந்தி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எங்க தாத்தா கப்பல்ல வந்தவரு. ஒரு படம்கூட இல்ல. மொகம் எப்படி இருக்கும்னே எங்களுக்குத் தெரியாது.” படத்தை இன்னொரு முறை பார்த்தார். “ஒங்க பேரப்புள்ளைங்களுக்குத் தெரியும்.” அப்பா பக்கம் திரும்பி, “நம்ம பேரப்புள்ளைங்களுக்கு,” என்றார்.

அப்பா சிரித்தார். படத்தில் சிரித்த அதே சிரிப்பு. அந்த நேரம் பார்த்துப் பாட்டு முடிந்து திரை இருண்டது. மண்டபமே ‘ச்சே’ என்றது.

“அண்ணே, இன்னொரு தடவ போடுங்க!” அப்பாவின் குரல்தான்.

“ஒரே பாட்ட அடுத்தடுத்துப் போட்டா ருசி கெட்டுரும்லா,” என்றார் அண்ணன்.

நான் பொது இடத்தில் கத்துகிறவள் இல்லை. அன்று கத்தினேன். “போடுங்கண்ணே!”

போட்டார். முழுசாக. வந்த சாப்பாடு ஆறிப்போனது.

போன மாதம் சம்பந்தி தொலைபேசியில் அழைத்தார். அவருக்கு அறுபதாம் கல்யாணம் வருகிறதாம். பக்கத்து வீட்டு அண்ணன் வந்து படம் காட்டவேண்டுமாம்.

“ஆனா ஒரு பத்து நிமிசத்துல முடிக்கச் சொல்ல முடியுமாம்மா?”

நியாயமான கேள்வி. நானே கேட்ட கேள்வி. பக்கத்து வீட்டிலிருந்து, எத்தனையோ மாலைகளாக என் உயிரை வாங்கும் பாட்டு ஒன்று சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.

“முடியாது மாமா,” என்றேன். “சாப்பாட்ட வேணும்னா கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாம். எங்க அண்ணன அவசரப்படுத்தாதீங்க.”