நாற்காலி இழுப்பவர்

உடம்பு சரியில்லாத ஒருவரைக் கண்டதும் கை தானாக நாற்காலியைத் தேடும் ஓர் இனம் உண்டு, பார்த்திருப்பீர்கள். நின்றால் "முதல்ல உட்காரு" என்பார்கள், உட்கார்ந்தால் "சாய்ஞ்சுக்கோ" என்பார்கள், சாய்ந்தால் "கொஞ்சம் படேன்" என்பார்கள். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லாதபோதுதான் அவர்களுக்கு நிம்மதி.

நூலகத்தில் வேலை பார்க்கும் தங்கைக்கு வாய்த்த அண்ணன் இதில் முதல் தரம். லிஃப்ட் பழுதுபார்ப்பவர். மனிதர்கள் படியேறுவதே தன் தொழிலுக்கு அவமானம் என்று நினைப்பவர். தங்கைக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று தெரிந்த நாளிலிருந்து (நரம்பின் மேலுறை நைந்து, கால் சொன்ன பேச்சைக் கேட்காமல் போகும் நோய்) வீட்டில் நாலடிக்கு ஒரு நாற்காலி முளைத்தது. அந்த மாதம் அவள் இரண்டு முறை விழுந்தாள். இரண்டு முறையும் நாற்காலி தடுக்கித்தான்.

இந்த லட்சணத்தில் பிசியோதெரபிஸ்ட் அம்மாள் உடற்பயிற்சி சைக்கிள் ஒன்றை வாங்கச் சொன்னார்.

"மெதுவா ஓட்டினா போதாது. இறுக்கத்தை ஆறாம் எண்ல வச்சு, நல்லா மூச்சு வாங்கற அளவுக்கு ரெண்டு நிமிஷம். அப்புறம் ஓய்வு. ஃபேன் ஓடட்டும். மாசக் கடைசியில இங்க வந்து அதே மாதிரி நாலு சுத்து ஓட்டிக் காட்டுங்க, வேலைக்குப் போகலாம்னு கடிதம் தர்றேன்."

அவளுக்கு வேண்டியது அந்தக் கடிதம்தான். ஏழு மாதமாக அவளுடைய புத்தக வண்டியை வேறு யாரோ தள்ளிக்கொண்டிருந்தார்கள், அதுவும் தப்பான அலமாரிக்கு.

முதல் வாரம் நாக்குத் தள்ளியது. கதவுக்கு வெளியே அண்ணன் நாற்காலியோடு நின்றார். இரண்டாம் வாரம் திடீரென்று சுலபமாகிவிட்டது. மூன்றாம் வாரம் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே மிதித்தாள். உடம்பு தேறிவிட்டது என்று பூரித்துப் போனாள்.

மாதக் கடைசியில், பிசியோதெரபிஸ்டின் சைக்கிளில், ஐம்பது விநாடியில் கால் நின்றுவிட்டது. கடிதம் அடுத்த மாதத்துக்குப் போயிற்று.

வீட்டுக்கு வந்தவள் சைக்கிளின் மூடியைக் கழற்றினாள். வெளியே எண் ஆறு என்றுதான் காட்டியது. உள்ளே சக்கரத்தை இறுக்கும் கம்பி துணி காயப்போடும் கொடி மாதிரித் தொய்ந்து கிடந்தது. தொழில் தெரிந்த கை.

"அண்ணா, இது உன் வேலையா?"

"நீ மூச்சு வாங்கறத கேட்க முடியலம்மா."

"மூச்சு வாங்கத்தானே ஏறறேன். நீ என் காலுக்கு உதவி பண்ணல. உன் காதுக்குப் பண்ணிக்கிட்ட."

அண்ணன் குனிந்து கம்பியைத் தொட்டுப் பார்த்தார்.

"முறுக்கிக் கொடு. சரியா இருக்கான்னு நீயே ஓட்டிப் பாரு."

முறுக்கினார். ஏறினார். ஒரு நிமிடம் தாண்டியதும் முகம் சிவந்து, கண் நாற்காலியைத் தேடியது. பக்கத்திலிருந்த ஒரே நாற்காலியில் தங்கை உட்கார்ந்து விநாடி எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் அம்பது இருக்கு."

அடுத்த மாதம் கடிதம் கிடைத்துவிட்டது. நூலக வாசல்வரை அண்ணனே கொண்டுவந்து விட்டார். அங்கே லிஃப்ட் உண்டு, பராமரிப்பதும் அவர்தான். அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறிப் போனாள்.

சிரிக்கிறீர்கள், நாம் இந்த இனமில்லை என்று. நல்லது. ஆனால் அவள் படியேறினாள் என்றதும், 'லிஃப்ட்தான் இருக்கே, பாவம், எதுக்கு?' என்று உள்ளே ஒரு குரல் கேட்டதே, அது யாருடையது?