மூன்று பிழைகளும் ஒரு மணிக்கட்டும்

சித்தூர்,
6 நவம்பர் 1978.

நமது சபைப் போதகரும் மாத மடலின் ஆசிரியருமான கனம் இயேசுதாசன் ஐயர் அவர்களுக்கு,

காலஞ்சென்ற கம்பவுண்டர் ஞானசிங் அவர்களின் மனைவி கிருபாபாய் வந்தனம் கூறி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் சுகம். தாங்கள் சுகமென்றும், ஐயரம்மாவின் முழங்கால் படி ஏறாதவரை தொந்தரவு செய்வதில்லையென்றும் பால்காரி சென்னம்மா மூலம் அறிந்து சந்தோஷம். நான் பதினேழு வருஷமாக மடலின் சந்தாதாரி. இதுவரை குறை சொல்லி ஒரு வரி எழுதியதில்லை. ஈஸ்டர் இதழ் ஜூன் மாதம் வந்து சேர்ந்தபோதும் எழுதவில்லை. இப்போது எழுத வைத்தது தாங்கள்தான்.

அக்டோபர் இதழ், ஏழாம் பக்கம், சபைக் கிணறு தூர்வாரிய செய்திக்குக் கீழே இப்படி அச்சிட்டிருக்கிறீர்கள்: ‘நமது சபையைச் சேர்ந்த செல்வி லோயிஸ் ஞானசிங், பஹ்ரைன் நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே பகுதியின் தலைமைப் பதவியை ஏற்க, அறுபத்துநான்கு வயதான தம் தாயாரைப் பிரிந்து, செவ்வாய்க்கிழமை விமானமேறினார்.’ ஐயா, ஐந்து வரியில் மூன்று பிழை. முதலாவது, என் மகள் எந்தப் பதவியையும் ஏற்கப் போகவில்லை. மூன்று மாத விசிட் விசாவில் தன்னோடு படித்த சிநேகிதியின் வீட்டில் தங்கி, வேலை தேடப் போயிருக்கிறாள். இரண்டாவது, இல்லாத வேலைக்குத் தலைமை ஏது? மூன்றாவது, எனக்கு வயது ஐம்பத்தைந்து. நான்காவதாகக் கிழமையும் தவறு, அவள் ஏறியது புதன்கிழமை. அதை நான் மன்னித்துவிட்டேன்.

செய்தி எழுதிக் கொடுத்தவர் சபைச் செயலாளர் ஆர்தர் என்று கேள்விப்பட்டு, ஆராதனை முடிந்து செருப்புப் போட்டுக்கொண்டிருந்தவரை அங்கேயே நிறுத்திக் கேட்டேன். “ஏன் தம்பி, தேடப் போனவளைச் சேரப் போனதாக ஏன் எழுதினீர்?” என்றேன். “ஆன்ட்டி, வேலை தேடிக்கினு போனாங்கன்னு போட்டா நம்ம சபைக்குத்தானே கேவலம்? எப்படியும் கெடைக்கத்தான் போவுது. கொஞ்சம் முன்னாடியே ஸ்தோத்திரம் பண்ணிட்டோம், அவ்ளோதான்” என்றார். “தலைமை?” என்றேன். “வெறும் பதவின்னா படிக்கறதுக்கு நல்லா இல்ல ஆன்ட்டி.” “அறுபத்துநான்கு?” என்றேன். அதற்கு மட்டும் அவர் நிமிர்ந்தார். “அது நான் கையிலேர்ந்து போடல. ஞானஸ்நான ரிஜிஸ்டரைப் பாத்துத்தான் போட்டேன்.” அந்த ரிஜிஸ்டரில் கரையான் அரித்தது போக மீந்திருப்பதை எண் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். என்னைக் கான்வென்ட்டில் ஏழு வருஷம் வளர்த்த கன்னியாஸ்திரீகள், பொய்யில் சின்னது பெரியது இல்லை என்று முழங்கால் போட வைத்துக் கற்றுக்கொடுத்தார்கள்.

அந்தப் பாடத்தை என் மகளுக்கும் கொடுத்தேன். விசா பாரம் நிரப்பத் திருப்பதிக்குப் போனோம். டைப் அடிக்கிற சம்பத் என்பவர், “‘சிநேகிதியைப் பார்க்க’ன்னு மட்டும் போட்டா போதும்மா. வேலை கீலைன்னு எழுதினா கதவையே சாத்திடுவாங்க” என்று கெஞ்சினார். ‘சிநேகிதியைப் பார்க்க, வேலை உண்டா என்று கேட்க’ என்றே அடிக்க வைத்தேன். சம்பத் அதை அடித்துவிட்டுத் தலையிலும் அடித்துக்கொண்டார். விசா வந்தது.

தாங்கள் லோயிஸை ஞாயிறு பாடகர் வரிசையில் மட்டுமே பார்த்திருப்பீர்கள். முப்பத்தொரு வயதுக்காரி, எட்டு வருஷம் நம் ஊர் ஆஸ்பத்திரி இருட்டறையில் நின்று பிலிம் கழுவியவள். இங்கே அவளிடம் இருந்த எக்ஸ்ரே மெஷின் அவளைவிட மூத்தது. அதில் அவள் எடுத்த படத்தைப் பார்த்து, வெளியூர் டாக்டர்கள் மெஷின் புதிதோ என்று கேட்பார்கள். புதிய மெஷினில் ஒருமுறையாவது வேலை செய்து பார்க்க வேண்டும் என்றாள். நான் வேண்டாமென்றேன். சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து மறுபடி கேட்டாள். சர்டிபிகேட்டுகளோடு, தான் எடுத்ததில் நல்லதாகப் பன்னிரண்டு பிலிம்களை ஒரு பழுப்பு உறையில் போட்டு எடுத்துப் போனாள். அதில் ஒன்று என் இடது மணிக்கட்டு. இரண்டு வருஷத்துக்கு முன் காளஹஸ்தியில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து முறிந்தது. அன்று படம் எடுக்குமுன், “அம்மா, வயசு என்ன எழுதட்டும்?” என்று கேட்டாள். “ஐம்பத்துமூன்று” என்றேன். பேனாவைப் பிடித்தபடி ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னபடி எழுதினாள். பம்பாயில் விமான நிலைய அதிகாரி அந்தப் பிலிமை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாராம். ஐயா, நான் சென்னையைத் தாண்டியதில்லை. என் எலும்பு கடல் தாண்டிவிட்டது.

அங்கே அடிக்கிற வெயிலுக்கு நம் பக்கத்து நகரி ஊர் வெயில் நிழல் என்று எழுதுகிறாள். அந்த வெயிலில் ஒன்பது ஆஸ்பத்திரி வாசல் ஏறி இறங்கியிருக்கிறாள். ஓரிடத்தில் உள்ளே விடவில்லை, ஓரிடத்தில் அடுத்த வருஷம் வரச் சொன்னார்கள், ஓரிடத்தில் நோயாளி என்று நினைத்து நாற்காலி போட்டு உட்காரவைத்து நாக்கை நீட்டச் சொன்னார்கள். ஒவ்வொரு கடிதத்திலும் அடுத்த ஆஸ்பத்திரியின் பெயரைப் போட்டு, ‘நாளைக்கு இது’ என்று முடிக்கிறாள். அழுத தடம் ஒன்றிலும் இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டேன். இம்மாதம் இருபதாம் தேதியோடு விசா முடிகிறது. வேலை கிடைக்காமல் திரும்பினால், தங்கள் மடலைப் படித்த ஜில்லா முழுவதும் என்ன சொல்லும்? பெரிய பதவியிலிருந்து துரத்திவிட்டார்கள் என்று சொல்லும். உண்மையை அச்சிட்டிருந்தால், தேடிப் பார்த்துவிட்டு வந்தாள் என்றல்லவா சொல்லும்!

இதற்கிடையில் தங்கள் செய்தியால் என் வீடு வேலைவாய்ப்பு அலுவலகமாகிவிட்டது. லிபியாவிலிருக்கும் தம் பேரனுக்கு ஆவக்காய் ஊறுகாய் ஜாடியோடு ஒருவர் வந்தார். பஹ்ரைன் போகிற வழியில் இறக்கிவிட்டால் போதுமாம். மகள் போய் இரண்டு மாதமாகிறது என்றதற்கு, அப்படியானால் தபாலில் அனுப்புங்கள் என்று ஜாடியை வைத்துவிட்டுப் போய்விட்டார். கங்காதர நெல்லூரிலிருந்து வெங்கடசாமி என்ற டிராக்டர்காரன் வந்தான். “அம்மா, உங்க பொண்ணு பாரின்ல பெரிய ஆபீசராமே. என்னியும் இட்டுக்கினு போவச் சொல்லுங்கோ” என்றான். அவளுக்கே வேலையில்லை என்றேன். “பெரியவங்கோ அப்டித்தான் சொல்வாங்கோ. எங்க ரெட்டியாரும் எது கேட்டாலும் லேதுன்னுதான் சொல்வாரு” என்று உட்கார்ந்துவிட்டான். சர்டிபிகேட் இருக்கிறதா என்றேன். “அதெல்லாம் எங்கம்மா? ரிப்பேரான வண்டி எதனா இருந்தா காட்டுங்கோ, செஞ்சு காட்றேன்.” வண்டி இல்லை, மூன்று வருஷமாக ஓடாத மேஜை விசிறிதான் இருந்தது. கொடுத்தேன். இந்தக் கடிதத்தை அந்தக் காற்றில்தான் எழுதுகிறேன். என் மகளும் அங்கே பிலிம் உறையைப் பிரித்து, என் வேலையைப் பாருங்கள் என்றுதானே சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றிவிட்டது; அவனுக்குக் காப்பி கொடுத்தேன். இதுவரை நான் நேர்முகத் தேர்வு செய்த பதினொரு பேரில் தேறியவன் அவன் ஒருவனே.

எல்லாவற்றுக்கும் மேலாகத் திருப்பதியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. காலேஜ் வாத்தியாராக இருக்கும் தம் மகனுக்கு யூனிஸ் அம்மாள் என்பவர் பெண் கேட்டு ஆள் அனுப்பினார்கள். பொய்ச் செய்தியின்மேல் கல்யாணம் நடக்க விடமாட்டேன் என்று, மொட்டை போடப் போகிறவர்கள் நிறைந்த பஸ்ஸில் குடையை மடியில் வைத்துக்கொண்டு போன சனிக்கிழமை நானே நேரில் போய்ச் சொன்னேன். “வேலை இல்லீங்களா? அப்ப எதுக்குங்க போயிருக்கு பொண்ணு?” என்றார்கள். “தேடத்தான்.” “தனியாவா?” “தனியாகத்தான்.” பேச்சின் நடுவே, என் எதிரிலிருந்த முறுக்குத் தட்டு யாரும் எடுத்ததாகத் தெரியாமல் உள்ளே போயிற்று. நான் எழுந்து நின்று சொன்னேன்: “அம்மா, நியமன உத்தரவு கையிலிருந்தால் யார் வேண்டுமானாலும் விமானமேறலாம். என் மகள் ஒன்றுமில்லாமல் ஏறினாள். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.” பஸ் ஸ்டாண்டு வரை கோபத்தில் குடையை விரிக்காமலே நடந்தேன். பாதி வழியில்தான், இந்த வார்த்தையை நான் லோயிஸிடம் ஒருநாளும் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அவள் புறப்பட்டபோது நான் சொன்னதெல்லாம், கைக்குட்டை ஆறு போதாது, பன்னிரண்டு எடுத்துக்கொள் என்பதுதான்.

ஆகையால், நவம்பர் இதழில், அதே ஏழாம் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் இதைப் போட வேண்டியது: ‘செல்வி லோயிஸ் ஞானசிங் எந்தப் பதவியையும் ஏற்கவில்லை. வேலை தேடித் தைரியமாகச் சென்றிருக்கிறார். இன்னும் கிடைக்கவில்லை. தாயாருக்கு வயது ஐம்பத்தைந்து.’ அவளுக்கும் ஒரு பிரதி அனுப்புவேன். எதையும் சேர்க்க வேண்டாம். முக்கியமாக, ஆர்தர் தம்பி எதையும் சேர்க்க வேண்டாம்.

தங்கள் ஊழியமும், ஐயரம்மாவின் முழங்காலும், மடலின் அச்சும் ஆண்டவர் பார்வையில் திருந்தி விளங்க வேண்டுகிற,

கிருபாபாய் ஞானசிங்

பி.கு.: உறையை ஒட்டுமுன் தபால்காரர் வந்தார். லோயிஸ் எழுதியிருக்கிறாள். பத்தாவது ஆஸ்பத்திரியில் வயதான டாக்டர் ஒருவர் எல்லாப் பிலிம்களையும் ஜன்னலில் பிடித்துப் பார்த்து, என் மணிக்கட்டில் நின்றுவிட்டாராம். “படம் துல்லியம். ஆனால் இந்த எலும்புக்கு ஐம்பத்துமூன்று வயதில்லை, அறுபது தாண்டிவிட்டது. யார் எழுதிய வயது?” என்றாராம். “படம் நான் எடுத்தது டாக்டர், வயது நோயாளி சொன்னது” என்றாளாம் என் மகள். அவர் சிரித்து முடித்ததும் நியமன உத்தரவு கொடுத்துவிட்டார். அங்கே எக்ஸ்ரே பகுதியில் இவளைத் தவிர வேறு ஆள் கிடையாது. ஆகவே தலைமையும் இவள்தான். திருத்தம் போட வேண்டாம். மூன்றும் சரியாகவே வந்திருக்கின்றன. ரிஜிஸ்டரைப் பூட்டி வைக்கும்படி ஆர்தர் தம்பியிடம் சொல்லவும். ஆனால், மன்னித்துவிட்டதாக மேலே எழுதிய கிழமையை இனி மன்னிப்பதற்கில்லை. புதன்கிழமை என்று திருத்திப் போடவும்.