நாக்-அவுட் மாஸ்டர் போட்ட கட்டம்

மாலை ஐந்து இருபதுக்கு எங்கள் வீட்டில் எல்லாம் கெடத் தொடங்கியது. கபடி அணித் தேர்வுக்குப் போன மகள் கயல் திரும்பி வரவில்லை. அவளைத் தேர்வில் கழித்துவிட்ட கபடிப் பயிற்சியாளர் நாக்-அவுட் மாஸ்டர்தான், அவள் வந்துவிட்டாளா என்று கேட்டு வாசலில் வந்து நின்றார்.

உலகத்திலேயே எதையும் கழித்துக்கட்டாமல் தேர்ந்தெடுக்கத் தெரியாத ஒரே மனிதர் அவர். கணக்கு வாத்தியாரான நான் x-ஐ நீக்கி y-ஐப் பிடிப்பேன். டாக்டர் டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை என்று தள்ளித் தள்ளிக் காய்ச்சலைப் பிடிப்பார். டிவியில் பாட வந்த குழந்தையை அழவைத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். எல்லாவற்றுக்கும் எலிமினேஷன் என்றுதான் பெயர். நாங்கள் அதை வேலை நேரத்தில் செய்தோம். மாஸ்டர் சாப்பாட்டு நேரத்திலும் செய்தார்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் உட்கார்ந்தால் இட்லிக்கும் பூரிக்கும் ஒரு மேட்ச், பொங்கலுக்கும் தோசைக்கும் இன்னொன்று. ஃபைனல் முடிவதற்குள் நாலும் தீர்ந்துவிடும். அவர் தனக்குப் பெண் பார்த்ததும் அப்படித்தான். ஃபைனலுக்கு வந்த இரண்டு பெண்களுக்கும் அதற்குள் வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது.

"ஒரு வாட்டியாவது டிரா குடுக்கக் கூடாதா மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"டிராவா? தோத்தா வெளியங்க. இல்லன்னா அது இன்னா ஆட்டம்?"

அன்றும் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து எங்கள் சிமெண்டுத் தரையில் கட்டம் போட்டார். "பதறாதீங்க சார். பாப்பா எங்க போயிருக்கும்? நாலே டீம்தான். களமருதூர் அத்த வூடு, கல்வராயன் மலையில சினேகிதி வூடு, பஸ் ஸ்டாண்டு, கிரவுண்டு."

என் மனைவி கத்தினாள். "எம்பொண்ண வெளிய தள்ளிட்டு, இங்க வந்து கோலம் போட்டுக்கினு இருக்கியாய்யா?"

"கிரவுண்டு மொத ரவுண்டுலயே அவுட்டுங்க. தோத்த எடத்துல எவனாச்சும் உக்காந்துக்கினு இருப்பானா?"

கயலின் போன் வீட்டிலேயே சார்ஜில் கிடந்தது. அத்தைக்குப் போன் செய்தோம். "இன்னாது, காணோமா?" என்று அவள் போட்ட சத்தத்தில் களமருதூரே கிளம்பியது. மலையில் சினேகிதிக்கு சிக்னல் இல்லை.

"மலைதான் சாம்பியன்" என்றார் மாஸ்டர்.

பஸ் ஸ்டாண்டை அலசிவிட்டு, மலையடிவாரம் வரை பைக்கில் போய் ஒவ்வொரு பஸ் டிரைவரையும் கேட்டேன். யாரும் பார்க்கவில்லை. கிரவுண்டுக்குப் போக எனக்கும் தோன்றவில்லை. அதுதான் அவுட் ஆயிற்றே! வீட்டுக்குத் திரும்பி வந்தால் மாஸ்டரையும் காணவில்லை. இப்போது தேட வேண்டியவர்கள் இரண்டு பேர்.

எட்டரைக்கு கேட் திறந்தது. கயல்! அவள் பின்னால், கண் சிவந்து, விசிலை இறுக்கிப் பிடித்தபடி மாஸ்டர்.

"கிரவுண்டுலதான்ப்பா இருந்தன். வூட்டுக்கு வர வெக்கமா இருந்துச்சி. மறந்துபோன விசில எடுக்க மாஸ்டர் வந்தாரு. என்னப் பாத்ததும் ஓன்னு அழுதுட்டாரு. அவர தனியா வுட்டுட்டு வர மனசு வரல, அதான் கூட்டிக்கினு வந்துட்டன்."

மனைவி அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு மாஸ்டரின் முகத்தைப் பார்க்காமலேயே கேட்டாள்: "இட்லியா, தோசையா?"

மாஸ்டர் தரையிலிருந்த கட்டத்தைக் காலால் தேய்த்து அழித்தார்.

"ரெண்டும் ஜெயிச்சிடுச்சிங்க."