யார் சொன்ன ‘விட்டோ’?

கொச்சியில், தேவராவிலிருந்து நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு துணிப்பை, சட்டை முழுக்கச் சாம்பார் வாசனை. சற்று முன்னால்தான் நான் வேலை பார்த்த ஓட்டலில் சாம்பார் வாளி என் கையிலிருந்து நழுவி, சாப்பிட்டுக்கொண்டிருந்த முதலாளியின் மச்சான் மடியில் இறங்கியிருந்தது. ‘நான் போறேன்’ என்று நான் முதலில் சொன்னேனா, ‘போடா’ என்று முதலாளி முதலில் சொன்னாரா என்பதில் இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். அந்த வயதில் நான் எந்த வேலையிலும் நான்கு மாதம் தாண்டியதில்லை. ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அப்புறம் ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளத்துக்குக் காய்கறி ஏற்றும் லாரியில் கிளீனர். லாரி எறணாகுளம் சந்தையில் நின்ற ஒரு நாள் நானும் அங்கேயே நின்றுகொண்டேன். எண்பதுகளின் நடுப்பகுதி, எனக்கு இருபத்துமூன்று வயது. சாப்பாடு சில நாள் கிடைக்கும், சில நாள் கிடைக்காது. கிடைக்காத நாளில் நடப்பேன். நடந்தால் பசி கொஞ்சம் பின்தங்கும்.

துறைமுக ஐலண்டைத் தாண்டி, தோப்பும்படிப் பாலம் ஏறி இறங்கி, மட்டாஞ்சேரிக்குள் நுழைந்து கொச்சங்காடி வரை வந்துவிட்டேன். குறுகலான சந்து. ஒரு பக்கம் மாடி வைத்த பெரிய சுக்குக் கிடங்கு. மேல்மாடி ஜன்னலிலிருந்து கயிற்றில் கட்டிச் சாக்குகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வாசனையில் வரிசையாக ஏழு தும்மல் போட்டேன். எட்டாவது வருவதற்குள் எதிர்ப்பக்கத்துக் கொட்டகையிலிருந்து தமிழ் கேட்டது. காருக்கு அடியில் படுத்து யாரோ ஒரு நட்டின் பரம்பரையையே திட்டிக்கொண்டிருந்தான்.

“நட்டு வரலையா?” என்று குனிந்து கேட்டேன்.

“நீ யாரு?”

“ஒட்டன்சத்திரம்.”

“ஊரைக் கேட்டனா? பேரு?”

“மாரிமுத்து.”

“வேலை வல்லதும் அறியாமா?” (ஏதாவது வேலை தெரியுமா என்கிறான்.)

“லாரியில பிரேக் பாத்திருக்கேன்.”

இதில் பொய் இல்லை. தினமும் பார்த்தேன். டிரைவர் மிதிப்பார், நான் பார்ப்பேன். மேட்டில் லாரி நின்றால் குதித்து ஓடி, பின் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைப்பேன். என் பிரேக் அனுபவம் அந்தக் கட்டைதான்.

வெளியே வந்தவனுக்கு என் வயதுதான் இருக்கும். அன்சார். பாலக்காட்டிலிருந்து வந்து கொச்சியில் தங்கிவிட்ட ராவுத்தர் குடும்பம். வீட்டில் தமிழ், ஒர்க்‌ஷாப்பில் மலையாளம், கோபம் வந்தால் மறுபடி தமிழ். அவனுக்குக் கூடமாட நிற்க அன்று ஆள் வரவில்லை.

“கேறி வா அண்ணாச்சி” என்று உள்ளே அழைத்தான். கேரளத்தில் தமிழனாகப் பிறந்தவன் தொட்டில் குழந்தையானாலும் அண்ணாச்சிதான்.

உள்ளே நின்ற காரை நான் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன். அப்போதுதான் ஊருக்குள் தலைகாட்டத் தொடங்கியிருந்த குட்டிக் கார். பின்புறம் முழுவதும் கதவாக மேலே திறக்கும் வகை. லாரிக்காரன் கண்ணுக்கு அது தீப்பெட்டி. நான்கு சக்கரங்களையும் கழற்றி மரக்கட்டைகள் மேல் நிறுத்தியிருந்தான்.

“ரேஸ் வண்டி. சூசம்மா டீச்சருடெ” என்றான் அன்சார்.

டீச்சர் உயர்நிலைப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவர். கணவர் கப்பலில் இஞ்சினியர். கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு பழைய விமான ஓடுதளத்தில் நடக்கும் பந்தயத்தில் போன வருடம் டீச்சர் ஓட்டியிருக்கிறார். மூன்றாவது சுற்றில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய், வைக்கோல் கட்டுகளுக்குள் காரோடு புகுந்து வெளியே வந்தாராம். இந்த வருடம் கணவர் வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வைத்து நல்ல பிரேக் சாமான்களும் ஸ்பிரிங்குகளும் கொண்டுவந்திருந்தார். பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. அன்று வியாழன். சனிக்கிழமை காலை டீச்சர் கிளம்பியாக வேண்டும்.

“இந்தத் தடவையும் பிரேக் போச்சுன்னா வைக்கோல் இருக்கணும்னு இல்ல. சொவரா இருக்கும்” என்றான் அன்சார்.

முன்சக்கரத்தில் மாட்ட வைத்திருந்த பிரேக் தட்டை எடுத்துப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. சல்லடை மாதிரி ஓட்டை.

“பாய், ஏமாத்திட்டானுங்க. பூராவும் ஓட்டையா இருக்கே.”

“அது சூடு வெளிய போறதுக்குடா!”

ஓட்டையை வேண்டுமென்றே போடுவார்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன். ஸ்பிரிங்குகளும் அப்படியே. குட்டையாக, என் மணிக்கட்டு கனத்தில் இருந்தன. மாட்டி முடித்துச் சக்கரங்களையும் போட்டு இறக்கியபின், “பம்பர்ல ஏறிக் குதி” என்றான். குதித்தேன். லாரியில் ஏறினால் லாரி தலையாட்டி வரவேற்கும். இந்தத் தீப்பெட்டி என்னைச் சட்டையே செய்யவில்லை. ஒரு துளி அசைவில்லை. எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

கடைசி வேலை பிரேக் குழாயிலிருந்து காற்றை எடுப்பது. ஒருவன் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். இன்னொருவன் சக்கரத்தருகே நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறப்பான்; எண்ணெயோடு காற்றும் பீச்சிக்கொண்டு வெளியேறும். மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். திறந்திருக்கும்போது எடுத்தால் வெளிக்காற்றை உள்ளே இழுத்துவிடும். எண்ணெய் அழுத்தும், காற்று நசுங்கும். காற்று புகுந்த பிரேக் பிடிக்காது.

“நான் ‘சவிட்டு’ன்னா மிதி. ‘பிடி’ன்னா மிதிச்சபடி இரு. ‘விட்டோ’ன்னா மட்டும் காலை எடு. மனசிலாச்சா? வேற ஒண்ணையும் நோக்காதே, சத்தத்தை மட்டும் கேளு.”

நான் மிகுந்த பக்தியோடு கண்களை மூடிக்கொண்டேன்.

“சவிட்டு... சவிட்டு... பிடி.”

பிடித்தேன்.

“விட்டோ!”

விட்டேன்.

“பிடி!... விட்டோ, விட்டோ!”

வேகம் கூடிக்கொண்டே போனது. நானும் சளைக்கவில்லை. அன்சாரின் குரல் ஒரு தடவை மெல்லியதாகவும் ஒரு தடவை கரகரவென்றும் வந்தது. காருக்கு அடியில் தலையை நுழைத்தால் தொண்டை மாறும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். (என் மூளை அப்படித்தான். சந்தேகம் வந்தால் உடனே ஒரு பதிலும் கொடுத்துவிடும்.) நடுவில் வெளியே ஏதோ பொத்தென்று விழுந்தது, யாரோ யாரையோ ஏசினார்கள். நான் கண்ணைத் திறக்கவில்லை.

நான்கு சக்கரமும் முடிந்ததும் அன்சார் கேட்டான்: “பெடல் எப்படி இருக்கு அண்ணாச்சி? பிரேக் பாத்த ஆளல்லே, நீயே சொல்லு.”

லாரி பெடலை மிதிக்க டிரைவர் இருக்கையிலிருந்து எழுந்தே நிற்பார். இதுவோ பஞ்சு மாதிரி உள்ளே போனது. வெளிநாட்டுச் சாமான் என்றால் சும்மாவா?

“பிரமாதமா இருக்கு” என்றேன்.

அந்த நேரத்தில் டீச்சர் வந்துவிட்டார். கஞ்சி போட்ட காட்டன் சேலை, விரல்களில் சாக்பீஸ் தூள், ஐம்பதை ஒட்டிய வயது. குடையைப் பின் இருக்கையில் போட்டுவிட்டு ஸ்டியரிங்கில் அமர்ந்தார். சத்தம் ஏதும் வருகிறதா என்று கேட்க என்னைப் பக்கத்தில் ஏற்றினான் அன்சார். இருக்கை ஓரத்தில் ஒரு அகலமான பட்டை தொங்கியது. இடைஞ்சலாக இருந்ததால் ஒதுக்கி வைத்தேன்.

சந்தின் முனையில் வாழைக்குலை ஏற்றிய கைவண்டி ஒன்று குறுக்கே வந்தது. டீச்சர் பிரேக்கை மிதித்தார். பெடல் தரையைத் தொட்டது. கார் போய்க்கொண்டே இருந்தது.

“பிரேக் இல்லா” என்றார் டீச்சர். மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரல்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குள் தூங்கிய கிளீனர் எழுந்துவிட்டான். கதவைத் திறந்தேன், குதித்தேன், உருண்டேன், எழுந்தேன். சக்கரத்துக்குக் கட்டை வேண்டும்! சாயாக்கடை பெஞ்சின் ஒரு காலுக்கு முட்டுக் கொடுத்திருந்த செங்கல் கண்ணில் பட்டது. உருவினேன். பெஞ்சு சாய்ந்தது, அதிலிருந்த நான்கு பேரும் நான்கு கிளாஸ் சாயாவும் ஒரே திசையில் போனார்கள். நான் திரும்பிப் பார்க்காமல் காரைத் துரத்தி ஓடினேன்.

அதற்குள் டீச்சர் கியரை இரண்டிலிருந்து ஒன்றுக்குத் தள்ளி, கைப்பிரேக்கை இழுத்து, கைவண்டிக்கும் சுவருக்கும் நடுவில் காரைச் செருகி நிறுத்தியிருந்தார். இரண்டு பக்கமும் ஒரு சாண் கூட இல்லை. வாழைக்குலை ஒன்றும் உதிரவில்லை. நின்றுவிட்ட அந்தக் காரின் பின் சக்கரத்துக்கு அடியில், மூச்சு வாங்க, செங்கல்லைக் கவனமாக வைத்து ஒரு தட்டும் தட்டினேன்.

டீச்சர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். “மோனே, கார் நின்னு.” (நின்றுவிட்டதாம்.)

காரைக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். அன்சாருக்கு ஒன்றும் புரியவில்லை. “எல்லாம் சரியாத்தானே செஞ்சேன், ரப்பே” என்று தலையைப் பிடித்துக்கொண்டான். அப்போது மார்பெல்லாம் சாயாவோடு கிடங்கின் சுமைக்காரர் தலைவர் குஞ்ஞப்பன் மூப்பன் உள்ளே வந்தார்.

“பெஞ்சு போகட்டே. சாயா போச்சு. அது இருக்கட்டே. எடா அன்சாரே, மத்தியானம் தொட்டு இங்கெ கெடந்து எவனாடா ‘விட்டோ, விட்டோ’ன்னு விளிக்கறது? மேல நிக்கற என்றெ ஆளு அதைக் கேட்டு கயிறை விட்டுட்டான்! ரெண்டு சாக்கு சுக்கு ரோட்டில!”

அன்சார் மெதுவாக என் பக்கம் திரும்பினான்.

“அண்ணாச்சி... நீ யார் சொன்ன விட்டோவுக்குக் காலை எடுத்தே?”

“எல்லா விட்டோவுக்கும்” என்றேன்.

கிடங்கில் சாக்கு இறக்குவதற்கும் ‘பிடி’, ‘விட்டோ’தான். அவர்கள் விட்டோவுக்கு நான் காலை விட்டேன். எங்கள் விட்டோவுக்கு அவர்கள் சாக்கை விட்டார்கள். மூப்பன் முதலில் சிரித்தார். அப்புறம் சந்தே சிரித்தது. அன்சார் மட்டும் சிரிக்கவில்லை. “பெடல் பிரமாதம்னு சொன்னியே! லாரியில எந்தப் பிரேக்கைடா பாத்தே நீ?”

கட்டையைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பையையும் எடுத்துக்கொண்டேன். ஒரு மனுஷியைக் கொல்ல இருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

“பறஞ்சு அனுப்பிடுங்க டீச்சர் இவனை. நான் வேற ஆளைக் கூட்டி வரேன்” என்றான் அன்சார்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வேண்டா. புதிய ஆள் வந்தா புதிய தெற்று செய்யும். இவன்றெ தெற்று எதுன்னு நமக்கு அறியாமல்லோ. இவன் தன்னெ சவிட்டட்டே.” (இவன் செய்யும் தப்பு எதுவென்று நமக்குத் தெரியுமே, இவனே மிதிக்கட்டும் என்கிறார்.)

அப்படி ஒரு கணக்கை நான் அதுவரை கேட்டதில்லை. தப்பு செய்தவனைத் துரத்துவதுதான் எனக்குத் தெரிந்த உலகம்.

இந்தத் தடவை சொற்களைத் தமிழுக்கு மாற்றினோம்: மிதி, பிடி, எடு. போதாததற்கு மூப்பன் தன் ஆட்களைக் கையமர்த்தினார். பத்துப் பதினைந்து சுமைக்காரர்கள் சுக்குச் சாக்குகள் மேல் வரிசையாக உட்கார்ந்து, மூச்சுவிடாமல் எங்களைப் பார்த்தார்கள். பகல் வெளிச்சத்தில் கொச்சங்காடி அவ்வளவு அமைதியாக இருந்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. அன்சாரின் குரல் மட்டும்தான். நான்காவது சக்கரம் முடிந்தபோது பெடல் சுவரை மிதிப்பது போல் நின்றது. பிரமாதம் என்றால் எது என்று என் கால் அறிந்துகொண்டது.

பிறகு ஐலண்டின் அகலமான, ஆளில்லாத சாலை. டீச்சர் சாலைக்குக் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தார். தொலைவுக்குப் போய்க் காரைத் திருப்பி நிறுத்தி, என் இருக்கைப் பட்டையைத் தன் கையாலேயே மாட்டினார். “இத்தவண சாடருது” என்றார். (குதிச்சுத் தொலைக்காதே என்று அர்த்தம்.)

கார் பாய்ந்தது. மரங்கள் கலந்து ஒரே பச்சைச் சுவராயின. கோடு எங்களை நோக்கி ஓடிவந்தது. நான் கண்ணை மூட நினைத்தேன், முடியவில்லை. டீச்சரின் செருப்புக் கால் ஒரு முறை அசைந்தது.

நின்றது. வழுக்கவில்லை, அலறவில்லை, மூக்கைக்கூடத் தாழ்த்தவில்லை. உலகத்தின் கையில் அகப்பட்டது போல் என் உடம்பு பட்டையில் அழுந்தியது. மோதி நின்ற வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். டீசல் தீர்ந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். கட்டை வைத்து நானே நிறுத்தியிருக்கிறேன். அவ்வளவு வேகத்தில் வந்த ஒன்று, நினைத்த இடத்தில், நினைத்தபடி நிற்பதை அன்றுதான் பார்த்தேன். இறங்கிப் போய்ப் பார்த்தேன். முன் சக்கரம் கோட்டின் மேல் இருந்தது. என் கண்ணில் ஏன் தண்ணீர் வந்ததென்று தெரியவில்லை. சுக்குத் தூள் என்று டீச்சரிடம் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் நான்காவதாக வந்தார். எந்த வைக்கோல் கட்டையும் தொடவில்லை. எனக்கு ‘விட்டோ அண்ணாச்சி’ என்ற பெயர் நிலைத்தது. பல வருடம் கழித்து என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் மாரிமுத்து வீடு எது என்று சந்து சந்தாக அலைந்திருக்கிறார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் யாரோ, “ஓ, நம்மடெ விட்டோவோ?” என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டார்களாம். மாப்பிள்ளை இன்றும் விருந்து முடிந்து கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “மாமா, விட்டோ சொல்லுங்க, போறோம்” என்பார்.

அதெல்லாம் பிறகு. வெள்ளிக்கிழமை விடிந்ததும் நான் வழக்கம்போலப் பையைத் தோளில் போட்டுக்கொண்டேன். வைப்பின் தீவுக்குப் படகேறுவதாகத் திட்டம். கொட்டகை வாசலில் ஒரு ரொட்டி வேன் நின்றது. அன்சார் அதன் பின் சக்கரத்தருகே உட்கார்ந்திருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“கேறு அண்ணாச்சி.”

“என்ன வேலை?”

“கால்.”

ஏறி உட்கார்ந்தேன். “மிதி” என்றான், மிதித்தேன். “பிடி” என்றான், பிடித்தேன். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. எதிரே கிடங்கில் சாக்கு இறங்கத் தொடங்கியது. விட்டோ, விட்டோ என்று சந்து முழுக்க ஒலித்தது. தொடை நடுங்கியது, வியர்த்தது. வெகுநேரம் கழித்து, கையில் இரண்டு கிளாஸோடு அன்சார் ஜன்னலருகே வந்து நின்று என்னைப் பார்த்தான்.

“எந்தா, இன்னும் மிதிச்சிட்டா இருக்கே?”

“நீங்க எடுன்னு சொல்லலியே.”

ஒரு கிளாஸை உள்ளே நீட்டினான். “சாயா குடி. காலை எடுக்காதே.”