கிசுமு ஏரிக்கரையில் என் பெயரைச் சொல்ல ஆளில்லை

உ

கிசுமு, கென்யா
12-8-1995

மரியாதைக்குரிய மைத்துனர் திருமுல்லைவாயில் கங்காதரன் அவர்களுக்கு, ஆவடி பேக்டரியில் ரிடையராகி, தற்சமயம் ஆப்பிரிக்காவில் மகள் வீட்டில் இருக்கும் உங்கள் தங்கை புருஷன் செங்கல்வராயன் வணக்கத்தோடு எழுதிக்கொண்டது. இங்கு ராணியும், அவளுக்குப் பிறந்த ஆண் குழந்தையும், மாப்பிள்ளை ராஜசேகரனும், உங்கள் தங்கை வடிவும் சௌக்கியம். நான் சௌக்கியமா என்று எனக்கே தெரியவில்லை. கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு நீங்களே ஒரு முடிவுக்கு வரவும். அங்கு தங்கச்சி நாகம்மாள், பிள்ளைகள், சிவப்புப் பசு எல்லாரும் சுகம்தானே?

விஷயம் என்னவென்றால், வருகிற வெள்ளிக்கிழமை பேரனுக்குப் பெயர் வைக்கிறார்கள். மாப்பிள்ளை தங்கமானவர். "மாமா பேரையே வைப்போம்" என்று அவராகவே சொன்னார். பேக்டரியில் சேர்ந்த நாள் முதல் ரிடையராகும் வரை என்னை எல்லாரும் 'செங்கல்' என்றுதான் கூப்பிட்டார்கள். முழுப் பெயரோடு ஒருத்தன் இந்தக் குடும்பத்தில் நடமாடட்டும் என்று ஆசைப்படுவது தப்பா, நீங்களே சொல்லுங்கள். உங்கள் தங்கை ஒரே பேச்சில் கவிழ்த்துவிட்டாள். "அந்தப் பேரை வெச்சா நான் புள்ளைய எப்டிக் கூப்புடறது? புருசன் பேரை வாயால சொன்னா அவருக்கு ஆயுசு கொறையும்" என்றாள். "நீ மட்டும் குட்டின்னு கூப்புடேன்" என்றேன். "அவனுக்கு மீசை மொளைச்சப்புறமும் குட்டியா?" என்று கேட்டாள்.

எங்கள் சண்டையில் குழந்தை விழித்துக்கொள்ள, ராணி, "ரெண்டு பேரும் போயி ஏரியச் சுத்திப் பாத்துட்டு வாங்க, புள்ள தூங்கட்டும்" என்று எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாள். ஏரி என்றதும் நான் நம் அம்பத்தூர் ஏரி மாதிரி இந்தப் பக்கம் நாலு எருமை, அந்தப் பக்கம் கம்பெனிப் புகை என்று நினைத்துக்கொண்டு போனேன். மச்சான், இந்த ஏரிக்கு எதிர்க்கரையே இல்லை. அலை அடிக்கிறது, கப்பல் நிற்கிறது, ஆனால் தண்ணீர் கரிக்கவில்லை. வடிவு ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்து, "கடலுக்கு உப்பு போட மறந்துட்டாங்களா இன்னா?" என்றாள். எனக்கும் அதே சந்தேகம்தான், ஆனால் ஆம்பிளை என்பதால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

நீர்யானை வருகிற இடம் ஒன்று இருக்கிறது, அதைப் பார்க்காமல் வரக்கூடாது என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். போவதற்கு ஆட்டோ இல்லை, சைக்கிள்தான் ஆட்டோ. கேரியரில் மெத்தை தைத்து அதில் ஆளை உட்கார வைத்து மிதிக்கிறார்கள். ஒரு சைக்கிளுக்கு ஒரு ஆள்தான். கல்யாணமான புதிதில் உங்கள் தங்கையைக் கேரியரில் வைத்துக்கொண்டு ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் மிதித்தவன் நான். இப்போது அவள் ஒரு சைக்கிள், நான் ஒரு சைக்கிள். பாதி வழியில் என் சைக்கிளுக்குச் செயின் கழன்றது. அந்தப் பையன் மாட்டிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பேக்டரிக்காரன் சும்மா இருப்பேனா? நானே உட்கார்ந்து, கழற்றி, இழுத்துப் பார்த்து, திருப்தியாக மாட்டிவிட்டு நிமிர்ந்தால் வடிவையும் காணோம், அவள் சைக்கிளையும் காணோம்.

நீர்யானை இடத்துக்குப் போனேன். நீர்யானை இருந்தது, வடிவு இல்லை. அது தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டுத் தனக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோல் முங்கிவிட்டது. கரையோரம் நின்று "இந்தா! இந்தா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். இரண்டு ஆடு திரும்பிப் பார்த்தது. உங்களிடம் என்ன மறைப்பு, எனக்குப் பயம் வந்துவிட்டது. அவளுக்குப் பாஷை தெரியாது, மாப்பிள்ளை வீட்டு விலாசம் தெரியாது. அங்கே நின்ற போலீஸ்காரரிடம் போய் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், என் பெயர் செங்கல்வராயன், என் மனைவியைக் காணோம் என்றேன். நல்ல மனிதர், கூடவே வந்தார். கொஞ்ச தூரத்தில் வரிசையாக மீன் வறுக்கிற கொட்டகைகள். அதில் ஒன்றில் பொம்பளைகள் நடுவில் உங்கள் தங்கை உட்கார்ந்து, வாணலியைக் காட்டி, மீனுக்கு மிளகாய்த்தூள் போதாது என்று சைகையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நம்ம ஜிலேபிக் கெண்டைதான், முறம் அளவுக்கு இருந்தது.

ஓடப் போன என்னைப் போலீஸ்காரர் கையை நீட்டி மறித்தார். முதலில் அந்த அம்மாவை விசாரிக்க வேண்டுமாம். அவர் கேட்டதையெல்லாம் நான்தான் தமிழில் அவளுக்குச் சொன்னேன். "இவரைத் தெரியுமா?" என்று என்னைக் காட்டினார். வடிவு தலையாட்டினாள். "புருஷனா?" மறுபடி தலையாட்டினாள். "பெயர் என்ன?" என்றார். முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். இன்னொரு தடவை கேட்டார். அவள் மேலே கூரையைப் பார்த்தாள். போலீஸ்காரருக்கு முகம் மாறிவிட்டது. "பெயரைச் சொல்லக்கூட இந்த அம்மா பயப்படுகிறார். என்ன செய்தாய் இவரை?" என்று என் தோளைப் பிடித்தார். பெயரைச் சொன்னால்தான் அனுப்புவேன், இல்லையென்றால் நீ ஸ்டேஷனுக்கு வா என்கிறார். கரண்டியோடு நாலு பொம்பளைகள் என்னைச் சுற்றி வந்துவிட்டார்கள்.

"ஒரே ஒரு தபா சொல்லிடும்மா, நான் ஒண்ணும் செத்துட மாட்டேன்" என்று கெஞ்சினேன். உங்கள் தங்கை என்ன சொன்னாள் தெரியுமா? "நீங்க வோணா ஜெயிலுக்குப் போங்க. ஆயுசோட இருந்தா போதும். நான் கஞ்சி கொண்டாந்து குடுக்கறேன்" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். இது அன்பா, வம்பா என்று எனக்கு இந்த நிமிஷம் வரை விளங்கவில்லை.

கடைசியில் மீன்காரம்மா ஒருத்திதான், வீட்டில் இவரை எப்படிக் கூப்பிடுவாய் என்று ஜாடையில் கேட்டாள். வடிவு, ராணி வீட்டு வேலைக்காரியிடம் கற்றுக்கொண்ட பாஷையில், "பாபா ராணி" என்றாள். பாபா என்றால் இங்கே அப்பா. அவ்வளவுதான், எல்லாரும் கையைத் தட்டிச் சிரித்தார்கள். இந்த ஊரிலும் பிள்ளை பெற்றவர்களைப் பிள்ளை பெயரோடு சேர்த்துத்தான் கூப்பிடுவார்களாம்! போலீஸ்காரர் என்னிடம் மகள் பெயரைக் கேட்டுச் சரிபார்த்துவிட்டு, இதை முதலிலேயே சொல்லக்கூடாதா என்று என்னையே திட்டினார். திரும்பும்போது கரை முழுக்க "பாபா ராணி, பாபா ராணி" என்று கையாட்டினார்கள். செங்கல்வராயன் என்று ஒருத்தன் வந்துபோனது ஒருவருக்கும் தெரியாது.

ஆகையால் மச்சான், அண்ணன் பேச்சை அவள் தட்டமாட்டாள். பேரனுக்கு என் பெயரை வைக்கச் சம்மதிக்கும்படியும், வாயைத் திறந்து அந்தப் பெயரைச் சொல்லும்படியும் கண்டிப்பாக அவளுக்கு ஒரு கடிதம் போடவும். இது உங்களுக்கு வந்து சேரப் பத்து நாள் ஆகும், பெயர் வைப்பதோ வெள்ளிக்கிழமை. எனவே பதிலைச் சற்று முன்னதாகவே எழுதிவிடவும்.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். பசு சினையா இல்லையா என்று தெரிவிக்கவும். மாசிலாமணீஸ்வரர் சந்நிதியில் எங்கள் எல்லார் பெயருக்கும் அர்ச்சனை செய்யவும். என் பெயரை முழுசாகச் சொல்லச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
மு. செங்கல்வராயன்

பி.கு.: ஸ்டாம்ப் வாங்க மறந்து கடிதம் இங்கேயே கிடந்துவிட்டது. அதற்குள் வெள்ளிக்கிழமை வந்து போய், என் பெயரையே வைத்தாகிவிட்டது. வடிவே சம்மதித்தாள். "நீங்க எங்கியாவது தொலைஞ்சா பேர் சொல்லிக் கூப்புட ஊட்ல ஒரு ஆள் வோணும்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால், பேரன் பெயரைச் சொன்னால் அது புருஷன் பெயர் ஆகாது என்று அவளுக்கு யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். காலையிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. "செங்கல்வராயா, எத்தினி தபா சொல்றது உனுக்கு?" "இந்தச் செங்கல்வராயனுக்கு எப்பப் பாத்தாலும் சோத்து நெனப்புதான்." "செங்கல்வராயா, வாய மூடு!" குழந்தை பாவம், அசந்து தூங்குகிறது. நான்தான் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே மேலே கேட்டதை விட்டுவிட்டு, புருஷன் பெயரை எந்தக் காரணம் கொண்டும் சொல்லக்கூடாது என்று உங்கள் தங்கைக்கு உடனே ஒரு கடிதம் போடவும்.